வலிக்கிற தாடைக்கு வலு எங்கே போகிறது?

தாடை வலி பற்றிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால் இந்த முறை அவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டேன். நான் பிசியோதெரபிஸ்ட். 22 வருடமாகத் தாடையும் கழுத்தும் வலிப்பவர்களோடுதான் என் பகல் கழிகிறது. மருந்து, ஊசி பற்றிக் கேட்டவர்களுக்கு எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 36 வயது. வலப்பக்கத் தாடையில் இரண்டு வருடமாக வலி. காதுக்கு முன்னால் ஆரம்பித்து நெற்றிப்பொட்டு வரை ஏறும். பல்லில் ஒன்றும் இல்லை, தாடை மூட்டும் தசையும்தான் காரணம் என்றார் பல் மருத்துவர். போன மாதம் ஒரு கருவியைக் கடிக்கச் சொல்லி அளந்தார்கள். என் கடி வலு மிகவும் குறைவு என்று சொன்னார்கள். அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. என் தசை கரைந்துகொண்டிருக்கிறதா? சாப்பிட உட்கார்ந்தால் பாதியிலேயே தாடை ஓய்ந்துவிடுகிறது. எட்டு மாதமாகக் குழைந்ததும் திரவமும்தான் சாப்பிடுகிறேன். தினமும் சூயிங் கம் மென்றால் வலு திரும்பும் என்கிறாள் தோழி. மெல்லட்டுமா?

பதில்: மெல்ல வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் தசை கரைவதாக எனக்குத் தோன்றவில்லை. தொட்டுப் பார்க்காமல் முழு உறுதி தரக் கூடாதுதான். ஆனால் கரைகிற தசைக்கு வேறு அடையாளங்கள் உண்டு. ஒரு பக்கக் கன்னம் குழி விழும், பொட்டில் பள்ளம் தெரியும், முகத்தில் மரத்த உணர்வு இருக்கும். அப்படி எதையும் நீங்கள் எழுதவில்லை. நீங்கள் எழுதியிருப்பது வலி, சோர்வு, அப்புறம் கருவி காட்டிய ஓர் எண். உங்களைப் பயமுறுத்தியது அந்த எண்தான். அதனால் அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

கடி வலு அளக்கிற கருவி பார்ப்பதற்கு ரப்பர் உறை போட்ட தட்டையான கவை போல இருக்கும். அதைக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் வைத்து, முடிந்த மட்டும் கடிக்கச் சொல்வோம். ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 300 முதல் 700 நியூட்டன் வரை வரும். 10 நியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு கிலோ எடை அழுத்துவது போல. வலி இல்லாதவர்களுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் ஏன்? ஆண்களுக்குச் சராசரியாகக் கூடுதலாக வரும். கவையை ஒரு பல் முன்னால் நகர்த்தினாலே எண் இறங்கிவிடும். முன்பல்லில் வைத்தால் கடைவாயில் வருவதில் பாதிகூட வராது. கருவி எவ்வளவு தடிமன், வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, பல் உடைந்துவிடுமோ என்ற பயம் எவ்வளவு, இதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண். ஒரு நாள் எடுத்த ஓர் அளவை வைத்துத் தசையின் கதி இதுதான் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

என்னிடம் வந்த ஒரு பெண்மணியைச் சொல்கிறேன். கவையை வாயில் வைத்ததுமே அவருடைய தோள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி ஏறிவிட்டன. கண்ணை இறுக மூடிக்கொண்டார். என் இரண்டு விரல்கள் அவர் பொட்டின்மேல் இருந்தன. கடிக்க ஆரம்பித்த நொடியில் விரலுக்கடியில் தசை புடைத்தது, புடைத்த வேகத்திலேயே அடங்கியும் விட்டது. வலி வருவதற்கு முன்பே விட்டுவிட்டார். "அவ்வளவுதாங்க என்னால முடியும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் அவரால் முடிந்தது அவ்வளவுதான். பத்து நிமிடம் சூடான ஈரத்துணியால் ஒத்தடம் கொடுத்தோம். தோளை இறக்கி உட்கார வைத்து, வலிக்காத பக்கத்தில் முதலில் கடிக்கச் சொன்னேன். அப்புறம் வலிக்கிற பக்கத்துக்கு வந்தோம். எண் நன்றாகவே ஏறியிருந்தது. பத்து நிமிடத்தில் எந்தத் தசையும் வளர்ந்துவிடாது. வலு உள்ளேதான் இருந்தது, அதைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்த பிடி சற்றுத் தளர்ந்தது.

அந்தப் பிடி நரம்பு மண்டலத்தின் பிடி. வலி தசையை இறுக்குகிறது, இறுகிய தசை மேலும் வலிக்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1991-இல் ஜேம்ஸ் லண்டும் அவரோடு சேர்ந்தவர்களும் அதை மாற்றிச் சொன்னார்கள். வலிக்கிறபோது, ஓர் அசைவைச் செய்ய வேண்டிய தசை வழக்கத்தைவிடக் குறைவாக வேலை செய்யும், அதற்கு எதிர்த் தசை கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும், அதனால் அசைவு மெதுவாகவும் சிறிதாகவும் ஆகும், மேற்கொண்டு காயம் படாமல் உடம்பு தன்னைக் காத்துக்கொள்கிற வழி இது என்றார்கள். இது ஆளுக்கு ஆள் மாறும், எல்லோருக்கும் ஒரே அச்சில் நடப்பதில்லை என்று பிற்பாடு தெரிந்தது. அடிப்படை மட்டும் நின்றது. வலியில்லாத ஆட்களின் கன்னத்தசையில் அடர்த்தியான உப்பு நீரை ஊசியால் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் வலிக்கும், ஆபத்து கிடையாது. வலி இருக்கும்வரை அவர்கள் முழு மூச்சாகக் கடித்தாலும் தசையின் மின் செயல்பாடு குறைவாகப் பதிவாகிறது. நல்ல தசைக்கே அந்த நிலை என்றால், இரண்டு வருடமாக வலிக்கிற உங்கள் தாடை அடக்கி வாசிப்பதில் ஆச்சரியமே இல்லை.

மூன்று மாதத்துக்கு மேல் தாடை வலி உள்ளவர்களை அளந்தால், பொதுவாக அவர்களுடைய உச்சக் கடி வலு குறைவாகவே வருகிறது. ஒரே அழுத்தத்தில் கடித்துப் பிடித்திருக்கச் சொன்னால் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் சாப்பாட்டின் பாதியில் ஓய்ந்துபோவது இதுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரணமாக மெல்லுவதற்கு உச்ச வலுவில் ஒரு பகுதி போதும். ஆகவே உச்ச வலு குறைந்ததை நினைத்துக் கவலைப்படுவதைவிட, மெல்லுகிறபோது வலியும் சோர்வும் குறைகிறதா என்று பார்ப்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

சரி, எட்டு மாதமாகக் குழைந்த சாப்பாடு. இதில்தான் எனக்கு உங்களைப் பற்றி உண்மையான கவலை. வலி கடுமையாக இருக்கிற ஒன்றிரண்டு வாரத்துக்கு மென்மையான உணவு நல்லது. மாதக்கணக்கில் நீட்டினால், வலி அடக்கி வைத்த தசை வேலை இல்லாமலும் இளைக்க ஆரம்பிக்கும். வலியால் வந்த குறை ஒன்று, பழக்கம் விட்டுப்போனதால் வந்த குறை இன்னொன்று. இரண்டாவது நாமே சேர்ப்பது.

இது எனக்கே நடந்தது. 31 வயதில் ஞானப்பல் ஒன்றை எடுத்த பிறகு இடப்பக்கத் தாடை பிடித்துக்கொண்டது. கொட்டாவி வந்தால் கையால் மோவாயைத் தாங்குவேன். பயந்துபோய் ஐந்து மாதம் மெல்லாமலே சாப்பிட்டேன். வலி பெரும்பாலும் போன பிறகும் நான்கு வாய்க்கு மேல் மெல்ல முடியவில்லை. மற்றவர்களுக்கு முழங்கால் வலித்தால் நடக்கச் சொல்கிற நான், என் தாடையை மட்டும் கட்டிலில் கிடத்தி வைத்திருந்தேன். அதிலிருந்து மீள எனக்கு மூன்று மாதம் ஆனது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் இன்றைக்கும் என்னிடம் வருகிறவர்களுக்குத் திட்டம் போடுகிறேன்.

முதல் இரண்டு வாரம் வலுவைப் பற்றி நினைக்கவே வேண்டாம். காலையும் மாலையும் பத்து நிமிடம் சூடான ஈர ஒத்தடம். அதன்பின் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, நாக்கின் நுனியை மேலண்ணத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, நாக்கு விலகாத அளவுக்கு மட்டும் வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஆறு தடவை. மோவாய் வலப்பக்கம் சாய்கிறதா, நேராக இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே செய்யுங்கள். வேகம் முக்கியமில்லை, நேர்கோடுதான் முக்கியம்.

வலி கொஞ்சம் இறங்கியதும் தசைக்கு வேலை கொடுக்கலாம். கட்டைவிரலை மோவாய்க்கு அடியில் வைத்து, வாயைத் திறக்க முயலுங்கள். விரல் அதைத் தடுக்க வேண்டும், தாடை அசையக் கூடாது. ஐந்தாறு நொடி போதும். அதே போல மோவாயின் வலப்பக்கம், இடப்பக்கம் விரலை வைத்துப் பக்கவாட்டிலும் செய்யுங்கள். அழுத்தம் மிக மிகக் கம்மியாக இருக்கட்டும். கன்னம் நடுங்கினால் அது அதிகம். கடிக்கிற பயிற்சி கடைசியில்தான் வரும். சூயிங் கம் இங்கேதான் தப்பு செய்கிறது. எடுத்த எடுப்பிலேயே தசையைக் கால் மணி நேரம், அரை மணி நேரம் ஓய்வில்லாமல் ஓட்டுகிறது. அதுவும் அநேகமாக ஒரே பக்கத்தில்.

உணவில் வாரத்துக்கு ஒரு படி ஏறுங்கள். சின்னத் துண்டு, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெல்லுதல், முன்பல்லால் கடித்து இழுக்காமல் இருத்தல், இந்த மூன்று போதும். படி ஏறிய அன்று கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் எழுந்ததும் வலி முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால், பயிற்சியைப் பாதியாக்குங்கள். அடியோடு நிறுத்திவிடாதீர்கள். முடிந்தால் தாடையைப் பார்த்துப் பழகிய ஒரு பிசியோதெரபிஸ்டிடம் தொடக்கத்தில் நாலைந்து முறையாவது போய்வாருங்கள். தனியாகச் செய்கிறபோது எல்லோருமே கொஞ்சம் அவசரப்படுவார்கள்.

கேள்வி: வாயைத் திறக்கும்போதெல்லாம் காதுக்குப் பக்கத்தில் 'டக்' என்று சத்தம். வலி கிடையாது. வயது 24. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டுமா? இப்படியே விட்டால் தாடை பலவீனமாகிவிடுமா?

பதில்: வேண்டாம் தம்பி, ஆகாது. மூட்டுக்குள் ஒரு சின்னத் தட்டு இருக்கிறது. அது தன் இடத்திலிருந்து சற்று முன்னால் நழுவி, வாய் திறக்கிறபோது மறுபடி இடத்தில் வந்து உட்காரும் சத்தம்தான் அநேகமாக நீங்கள் கேட்பது. ஏராளமான பேருக்கு இது உண்டு. வலியும் இல்லை, வாயும் முழுசாகத் திறக்கிறது என்றால் சிகிச்சை தேவையில்லை. சத்தம் வருகிறதா என்று அடிக்கடி திறந்து பார்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். ஒருநாள் சத்தம் திடீரென்று நின்று, வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்காமல் மாட்டிக்கொண்டால், அன்றே போய்க் காட்டுங்கள். வழக்கமான திறப்பு 40 முதல் 50 மில்லிமீட்டர், அதாவது உங்களுடைய மூன்று விரலை நெட்டாக அடுக்கி நுழைக்கிற அளவு.

கேள்வி: வயது 71. ஒரு மாதமாக மெல்ல ஆரம்பித்த இரண்டு மூன்று நிமிடத்தில் தாடை வலித்து ஓய்ந்துவிடுகிறது. நிறுத்தினால் சரியாகிறது. பொட்டில் புதிதாகத் தலைவலி. தலை சீவினால் மண்டைத்தோல் வலிக்கிறது. தாடைக்கு ஏதாவது பயிற்சி சொல்லுங்கள்.

பதில்: இந்தப் பெரியவருக்கு இதழ் வரும்வரை காத்திருக்காமல் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் பேசினோம். பயிற்சி வேண்டாம், இன்றைக்கே மருத்துவரிடம் போங்கள் என்று சொன்னேன். அவர் அனுமதியோடு இங்கே போடுகிறேன். வேறு யாராவது இதே அறிகுறியைத் தாடைத் தேய்மானம் என்று நினைத்து வீட்டில் இருந்துவிடக் கூடாது.

50 வயதைத் தாண்டியவர்களுக்குப் பொட்டில் ஓடும் ரத்தக்குழாயின் சுவர் வீங்கி, ரத்த ஓட்டம் குறைகிற ஒரு நோய் வரலாம். ஜயன்ட் செல் ஆர்டரைட்டிஸ் என்பார்கள். மெல்லுகிற தசைக்குப் போதிய ரத்தம் வராததால், மெல்லத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வலித்து, நிறுத்தினால் விடும். இதே அழற்சி கண்ணுக்குப் போகிற ரத்தக்குழாயையும் பிடித்தால் பார்வை போய்விடும். போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள் வழிகாட்டும். சந்தேகம் வலுவாக இருந்தால், உறுதி செய்கிற சோதனைகளுக்குக் காத்திராமல் மருத்துவர்கள் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். அவ்வளவு அவசரம்.

தாடை ஓய்ந்துபோவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வலியே இல்லாமல், மென்றுகொண்டிருக்கும்போதே தாடை தொங்கிப்போய் கையால் தாங்க வேண்டியிருந்தால், சாயங்காலம் இமை சரிந்தால், எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிந்தால், அது நரம்பின் செய்தி தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும். மேலே முதல் கடிதம் எழுதியவருக்கு வந்திருப்பது வலி அடக்கி வைத்த வலுக்குறைவு. இங்கே சொன்ன இரண்டு நோயும் அதிலிருந்து வேறு ரகம். தாடை வலி நெஞ்சு இறுக்கத்தோடும் வியர்வையோடும் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். அது மாரடைப்பாக இருக்கலாம்.

கேள்வி: பல்லை இறுக்கிக் கடிப்பதால் எனக்கு நாலு வருடமாகத் தாடை வலி. போடாக்ஸ் ஊசி போட்டால் வலியும் போகும், முகமும் ஒல்லியாகத் தெரியும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: முகம் ஒல்லியாவது பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன், அது உங்கள் விருப்பம். வலிக்காக என்றால் முதலில் அதற்குப் போகாதீர்கள். அந்த ஊசி, நரம்பு தசைக்கு அனுப்பும் இரசாயனச் செய்தியைத் தடுக்கிறது. தசை மூன்று நான்கு மாதத்துக்கு வலுவிழக்கும், அப்புறம் திரும்பும். நாள்பட்ட தாடை வலிக்காரர்களின் கடி வலு ஏற்கெனவே குறைவு என்று மேலே சொன்னேன். அதை இன்னும் குறைப்பதால் வலி குறையும் என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. விலங்குகளில் செய்த ஆய்வுகளில், ஊசி போட்ட பக்கத்துத் தாடை எலும்பின் அடர்த்தியும் குறைந்திருக்கிறது.

2023-இல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் நாள்பட்ட தாடை வலிக்கு ஒரு சர்வதேசக் குழு வழிகாட்டி வெளியிட்டது. அதில் வலுவாகப் பரிந்துரைக்கப்பட்டவை எளிமையானவை. பயிற்சியாளர் மேற்பார்வையில் தாடைப் பயிற்சியும் நீட்டலும், கழுத்து முதுகு நிலையைச் சரிசெய்யும் பயிற்சி, கையால் மூட்டை அசைத்துத் தசையைத் தளர்த்துவது, வலியோடு வாழ்கிற மனப்பழக்கத்தை மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, வீட்டிலேயே செய்யும் பயிற்சி, நோயைப் பற்றி நோயாளிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது. போடாக்ஸ் ஊசியைத் தவிர்க்கலாம் என்ற பட்டியலில் வைத்திருக்கிறார்கள். கழற்றி மாட்டுகிற பல் உறையையும் வலிக்காக என்றால் அதே பட்டியலில்தான் வைத்திருக்கிறார்கள். பல் தேயாமல் காப்பதற்கு உங்கள் பல் மருத்துவர் உறை கொடுத்திருந்தால் அது வேறு விஷயம், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல்லை நிரந்தரமாகத் தேய்த்தோ மாற்றியோ கடியைச் 'சரி செய்கிறேன்' என்று யாராவது சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். தேய்த்த பல் வளராது.

கேள்வி: கல்லூரி மாணவி நான். பகலில் பல்லைக் கடிக்கிறாய், அதுதான் தாடை வலிக்குக் காரணம் என்கிறார் மருத்துவர். நான் கடிப்பதாக எனக்கே தெரியவில்லையே! எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இப்போது இதைப் படிக்கிறபோது உன் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா, பாரம்மா. தொட்டுக்கொண்டிருந்தால் அதுவும் கடிப்பதில்தான் சேர்த்தி. ஓய்வில் இருக்கிற வாயில் உதடு மூடியிருக்கும், பற்களுக்கு நடுவில் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். மெல்லுவது, விழுங்குவது எல்லாம் சேர்த்து ஒரு நாளில் பல்லும் பல்லும் தொட வேண்டிய நேரமே மொத்தம் 20 நிமிடம் போலத்தான். லேசாக அழுத்தியபடி மணிக்கணக்கில் வைத்திருந்தால் தசை களைத்துப் போகும். உனக்கு அது கடிப்பதாகவே தோன்றாது.

நாக்கை எங்கே வைப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். நம் மொழியில் இதற்கு அழகான வழி இருக்கிறது. 'ந்' என்று சொன்னால் நாக்கு பல்லில் இடிக்கும். 'ண்' என்றால் மேலண்ணத்துக்குள் மடங்கும். இரண்டு சுழி 'ன்' சொல்லிப் பார், நாக்கின் நுனி மேல் முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால் போய் லேசாக நிற்கும், பற்கள் தானாக விலகும். அதுதான் இடம். 'ன்' என்று சத்தமில்லாமல் சொல்லி, உதட்டை மூடி, மூக்கால் ஒரு மூச்சு விடு. தாடை தொங்குவது தெரியும்.

ஃபோனின் பின்பக்கம் ஒரு சின்ன வட்ட ஸ்டிக்கர் ஒட்டிக்கொள். அது கண்ணில் படும்போதெல்லாம் பல் தொடுகிறதா என்று மட்டும் பார். தொட்டால் 'ன்'. தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாம், தோளையும் சேர்த்து இறக்கினால் போதும். எனக்கு ஊசியில் நூல் கோக்கிறபோது கடிக்கிற பழக்கம் இருந்தது, அதைக் கண்டுபிடிக்கவே மூன்று வாரம் ஆனது. உனக்குப் பரீட்சைக்குப் படிக்கிறபோதா, திரையில் எதையாவது உற்றுப் பார்க்கிறபோதா, யாரோடாவது கோபமாக இருக்கிறபோதா என்று பதினைந்து நாள் ஒரு சின்ன நோட்டில் குறித்து வை. குறித்ததை எனக்கு எழுதி அனுப்பு, அதற்கு ஏற்ற மாதிரி அடுத்ததைச் சொல்கிறேன்.